மரான் முட்டையின் மானம்

பிரான்சின் மேற்குக் கரையோரம் இருக்கும் ஒரு சிறு துறைமுக ஊருக்குப் புகழ் சேர்த்தது, கருஞ்சாக்லேட் நிற முட்டையிடும் ஒரு கோழி. அழகான கோழியை வளர்த்துக் காட்டிப் பரிசு வாங்கிவிடலாம். நிறத்தைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

லா ரோஷெல் துறைமுக நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரம். வழியெங்கும் மேடு பள்ளம் இல்லாத வயல்கள். வயல்களுக்கு நடுவே கோடு போட்டதுபோல் வாய்க்கால்கள். மரான் ஊருக்குள் நுழைந்ததும் செவ்ர் நியோர்த்தேஸ் ஆறும் படகுத்துறையும் கண்ணில் படுகின்றன. ஒரு காலத்தில் கோதுமை ஏற்றிய கப்பல்கள் நின்ற துறை இது. இன்று நிற்பவை பெரும்பாலும் உல்லாசப் படகுகள். ஊரில் பழைய காற்றாலை ஒன்று உண்டு. லா ரோஷெல்லின் கடலோரக் கோபுரங்களைப் பார்க்க வரும் கூட்டத்தில் ஒரு பகுதிகூட இங்கே வருவதில்லை.

ஆனால் கோழி வளர்ப்பவர்கள் மத்தியில் இந்த ஊரின் பெயர் தெரியாதவர்கள் குறைவு. இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கே போனாலும் 'மரான்ஸ்' என்றால் கோழிதான். பிரெஞ்சில் கடைசி 'ஸ்' ஒலிக்காது. சொந்த ஊரில் அது 'மரான்'. இந்தக் கோழியின் முட்டையைக் கையில் வாங்கும் எவரும் முதலில் சந்தேகப்படுவார்கள், யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று. பழைய தேக்கு மேஜையின் நிறம். சில முட்டைகளில் செம்பின் பளபளப்பு, சிலவற்றில் கரும்புள்ளிகள். ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயான் ஃப்ளெமிங், 1957ல் வெளிவந்த 'ஃபிரம் ரஷ்யா வித் லவ்' நாவலில் தன் நாயகனின் காலை உணவுக்குத் தேர்ந்தெடுத்தது மரான் கோழியின் முட்டையைத்தான். எதிலும் உயர்ந்ததையே கேட்கும் பாண்டுக்கு முட்டையிலும் சமரசம் இல்லை.

இப்படி ஒரு கோழி இந்த ஊரில் உருவானதற்குக் காரணம் தண்ணீர். மரான் ஒரு காலத்தில் கடல் சூழ்ந்த தீவு. வளைகுடா மெல்ல மெல்லத் தூர்ந்து சதுப்பு நிலமானது. மரே புவாத்வேன் என்று அழைக்கப்படும் இந்தச் சதுப்பை விளைநிலமாக்க முதலில் கை வைத்தவர்கள் மடாலயத் துறவிகள். 1217ல் ஐந்து மடங்களின் தலைவர்கள் சேர்ந்து வெட்டிய வடிகால் இன்றும் 'ஐந்து மடாதிபதிகளின் கால்வாய்' என்றே வழங்குகிறது. பிறகு நான்காம் ஹென்றி மன்னர் 1599ல் பிறப்பித்த ஆணையின்படி ஹம்ஃப்ரி பிராட்லி என்ற பொறியாளர் பெரிய அளவில் நீரை வடிக்கும் வேலையில் இறங்கினார். வடிந்த நிலத்தில் தானியம் விளைந்தது. தானியம் துறைமுகத்துக்கு வந்தது. மரானையும் லா ரோஷெல்லையும் இணைக்க 1806ல் தொடங்கிய கால்வாய் வேலை 1875ல்தான் முடிந்தது.

கப்பல் வந்த இடத்தில் சேவலும் வந்தது. மாலுமிகள் பொழுதுபோக்குக்காகக் கப்பலில் சண்டைச் சேவல்களைக் கொண்டுவருவார்கள் என்றும், துறைமுகத்தில் இறங்கும்போது அவற்றைக் கொடுத்துவிட்டுக் காய்கறியும் முட்டையும் வாங்கிப் போவார்கள் என்றும் மரான் கோழியின் கதை தொடங்குகிறது. 12ஆம் நூற்றாண்டில் இந்தக் கரை ஆங்கிலேய மன்னரின் ஆளுகையில் இருந்தபோதே இது ஆரம்பித்துவிட்டதாகச் சொல்பவர்களும் உண்டு. சதுப்பு நிலத்துப் பெட்டைகளும் கப்பலில் வந்த சேவல்களும் கலந்து, ஒரே அச்சில் வார்க்காத, ஆனால் திடமான நாட்டுக்கோழி ஒன்று உருவானது.

நிறம் ஆழமானது அதற்கும் பிறகு. 1872ல் மேஜர் கிராட் என்ற ஆங்கிலேயர் மூலம் சீனாவின் லாங்ஷான் கோழி இங்கிலாந்தை அடைந்தது. உயரமான, கறுப்பு நிறக் கோழி, காலில் இறகு, பழுப்பு முட்டை. அந்த ரத்தம் இந்தப் பகுதிக்கும் வந்து உள்ளூர்க் கோழியோடு கலந்தது. பிரம்மா கோழியின் பங்கும் இருப்பதாகக் கருதப்படுகிறது. பெயரைக் கேட்டதும் இந்தியர்களுக்கு நெருக்கம் தோன்றும். பிரம்மபுத்திரா நதியின் பெயர்தான் சுருங்கி பிரம்மா ஆனது. ஆனால் இனமாக வடிவம் பெற்றது அமெரிக்காவில், ஷாங்காயிலிருந்து கப்பலில் போன பறவைகளைக் கொண்டு. சிட்டகாங் கோழியின் கலப்பும் அதில் உண்டு என்பார்கள். ஆசியாவின் பல துறைமுகங்கள் ஒரு பிரெஞ்சு முட்டையின் ஓட்டில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

பண்ணைவாசலில் திரிந்த கோழிக்குக் கண்காட்சி அந்தஸ்து கிடைத்தது 20ஆம் நூற்றாண்டில். 1914ல் லா ரோஷெல்லில் நடந்த கண்காட்சியில் இதை வெறும் 'உள்ளூர்க் கோழி' என்றுதான் காட்டினார்கள். 1929ல் பாரிஸ் கண்காட்சியில் இந்த முட்டைகளைப் பார்த்து மயங்கிய கிரீன்வே பிரபு இந்த இனத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1931ல் பிரான்சில் இனத்துக்கான இலக்கணம் வகுக்கப்பட்டது. அன்று தொடங்கியது ஓர் இழுபறி. கண்காட்சிக் கூண்டில் நிற்பது கோழி. கோழிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முட்டை. இரண்டில் எது மரான்?

அந்த நிறம் எவ்வளவு மெல்லியது என்பதைத் தெரிந்துகொண்டால் இழுபறியின் காரணம் புரியும். ஒரு முட்டை உருவாக ஒரு நாளைக்குச் சற்று மேல் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே சரியாகிவிடும். முட்டை வெளியே வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் பெரும்பகுதி நிறம் ஏறுகிறது. புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமி அது. ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு நெருங்கிய உறவு. அதோடு இரும்பு சேர்ந்தால் ரத்தத்தின் ஹீம் ஆகிவிடும். ஓடு சுவர் என்றால் இது கடைசியாக அடிக்கும் பெயின்ட். மரான் முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தால் வெளிறிக் கிடக்கும். ஈரம் காயாத முட்டையைத் தேய்த்தால் நிறம் கையோடு வந்துவிடுவதும் உண்டு.

பெயின்ட் டப்பா காலியாவதுபோல நிறமும் குறைகிறது. இளம்பெட்டை இடும் முதல் முட்டைகள்தான் பெரும்பாலும் மிகக் கருமையானவை. வாரங்கள் போகப் போக, முட்டைகளின் எண்ணிக்கை கூடக் கூட, நிறம் வெளுக்கும். இறகு உதிர்த்து, ஓய்வெடுத்து, மறுபடி இட ஆரம்பிக்கும்போது மீண்டும் கருக்கும். வெயில், மிரட்சி, நோய் எதுவும் நிறத்தை வெளுக்கச் செய்யலாம். நரி ஒரு இரவு கூண்டைச் சுற்றிவிட்டுப் போனாலும் மறுநாள் முட்டை அதைக் காட்டிக்கொடுக்கலாம். ஆகவே ஒரே ஒரு கரிய முட்டையைக் காட்டிக் கோழியை விற்பவரை அனுபவசாலிகள் நம்புவதில்லை. இரண்டு மாதத்து முட்டைகளைப் பார்க்க வேண்டும் என்பார்கள்.

இதற்காகவே ஒரு வண்ண அட்டை இருக்கிறது. 1 முதல் 9 வரை எண்ணிட்ட முட்டைகள், வெளிறிய நிறத்திலிருந்து ஏறக்குறைய கறுப்பு வரை. 4க்குக் கீழே இருந்தால் அது மரான் முட்டையே அல்ல. இட்ட கோழி எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் அதன் முட்டை அடை வைக்கப்படக் கூடாது என்பதே விதி. 9ஐத் தொடுவது அபூர்வம். தொட்டவரும் அதைத் தக்கவைக்கப் படாதபாடு பட வேண்டும். மிகக் கரிய முட்டையிடும் பெட்டைகள் பெரும்பாலும் குறைவாகவே இடுகின்றன. நிறைய இடும் பெட்டையின் முட்டை வெளுக்கிறது. வியாபாரிக்கு எண்ணிக்கை வேண்டும், ரசிகருக்கு நிறம் வேண்டும். இரண்டும் ஒரே கூட்டில் கிடைப்பது கஷ்டம்.

இதைவிடப் பெரிய தலைவலி சேவல். நிறத்தைத் தரும் மரபணுக்கள் ஒன்றிரண்டல்ல, பல. அவை தாயிடமிருந்தும் வருகின்றன, தகப்பனிடமிருந்தும் வருகின்றன. சேவலோ முட்டையிடாது. அதன் உடம்பில் இருக்கும் நிறத்தைப் பார்க்க வழியே இல்லை. எந்த முட்டையிலிருந்து பொரிந்தது என்பது ஒரு சாட்சி. அதன் மகள்கள் இடும் முட்டை இன்னொரு சாட்சி. வசந்தத்தில் பொரிந்த சேவல் மறு வசந்தத்தில் இணை சேர்ந்து, அதன் மகள்கள் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் முட்டையிட வேண்டும். அதாவது ஒரு சேவலின் தகுதி தெரிய ஏறக்குறைய ஒன்றரை வருஷம். அதற்குள் அந்தச் சேவல் கண்காட்சிகளில் பரிசு வாங்கியிருக்கும். அதன் தம்பிகள் நல்ல விலைக்குக் கைமாறியிருப்பார்கள். மகள்கள் வெளிறிய முட்டையிட்டால் கேடயத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.

எனவே நல்ல வளர்ப்பாளரின் முக்கியமான கருவி நோட்டுப் புத்தகம். பெட்டை உள்ளே நுழைந்ததும் கதவு தானாக மூடிக்கொள்ளும் கூடுகள் உண்டு. அதைத் திறந்துவிடும்போது கால் வளையத்தின் எண்ணைப் பார்த்து, முட்டையின் மீது பென்சிலால் எழுதுகிறார்கள். எந்தப் பெட்டை, எந்தத் தேதி, வண்ண அட்டையில் எத்தனை. அடை வைக்கும்போது ஒரு தாயின் முட்டைகள் மற்றதோடு கலக்காமல் தனித் தடுப்பில் வைக்கப்படுகின்றன. பொரிந்த குஞ்சுக்கு அடையாளம். இப்படி நாலைந்து தலைமுறை எழுதி வைத்தவர்தான் தன் சேவலைப் பற்றி ஏதாவது நிச்சயமாகச் சொல்ல முடியும்.

அடை வைப்பதிலும் சோதனை உண்டு. சாதாரண முட்டையை விளக்கொளியில் தூக்கிப் பிடித்தால் ஏழாம் நாளே உள்ளே ரத்த நாளங்கள் சிலந்தி வலைபோலத் தெரியும். மரான் முட்டையின் கரிய ஓடு வெளிச்சத்தை உள்ளே விடாது. பலமான விளக்கு வைத்தும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். இந்த முட்டைகளிலிருந்து ஈரம் போதிய அளவு வெளியேறுவதில்லை என்று பல வளர்ப்பாளர்கள் இன்குபேட்டரில் ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கிறார்கள். 21 நாள் முழுக்க ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

இனி கண்காட்சி. இறகு உதிர்ந்து புதிய இறகு முளைத்து கோழிகள் பளிச்சென்று இருக்கும் இலையுதிர், குளிர் காலங்களே அதற்கான பருவம். ஒரு வாரம் முன்பே காலைக் கழுவி, கொண்டையைத் துடைத்து, கூண்டில் அமைதியாக நிற்கப் பழக்கியிருப்பார்கள். நடுவர் சேவலைக் கையில் எடுக்கிறார். 3.5 முதல் 4 கிலோ எடை இருக்க வேண்டும். கண் ஆரஞ்சுச் சிவப்பு. காது மடல் சிவப்பு. வெள்ளை தட்டினால் குறை. ஒற்றைக் கொண்டை, ரம்பப் பற்கள் ஒழுங்காக. 'கறுப்புச் செம்பு' வகையில் உடல் கறுப்பு, கழுத்தில் செம்பு நிற இறகுகள் சால்வைபோல். காலின் வெளிப்புறத்தில் மெல்லிய இறகு. அதிகம் இருந்தால் லாங்ஷான் மிச்சம் என்பார்கள், இல்லாவிட்டால் 'இங்கிலீஷ்' என்பார்கள். ஏனென்றால் இங்கிலாந்துக்குப் போன மரானின் காலிலிருந்து இறகை அங்கே தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டார்கள். சாம்பல் வரி போட்ட வகையே அங்கு பிரபலம். கால்வாயின் இரு கரைகளிலும் ஒரே பெயரில் இரண்டு கோழிகள்.

கூண்டில் இருக்கும் பறவையிடம் நடுவர் பார்க்க முடியாத ஒன்றே ஒன்று, அதன் முட்டை. அதனால் முட்டைகளுக்கென்று தனிப் போட்டி நடத்துகிறார்கள். தட்டில் அடுக்கிய முட்டைகள் அளவிலும் வடிவிலும் நிறத்திலும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒத்திருக்க வேண்டும். ஆனால் கோப்பைகளின் கவர்ச்சி இன்னமும் கூண்டுகளின் பக்கம்தான்.

இந்தக் கவர்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நெதர்லாந்தில் ஒரு பாடம் இருக்கிறது. பார்னெவெல்ட் என்ற ஊரில் உருவான பார்னெவெல்டர் கோழியும் கரும்பழுப்பு முட்டைக்காகவே வளர்க்கப்பட்டது. இங்கிலாந்துக்காரர்கள் காலை மேஜைக்கு அத்தகைய முட்டையை விரும்பிக் கேட்டார்கள். 1921ல் கிளப், 1923ல் இன இலக்கணம். ஒவ்வொரு இறகிலும் இரட்டைக் கரை போட்ட அதன் மேனி அழகு கண்காட்சிக்காரர்களைக் கிறங்க வைத்தது. கரை பிசகாத இறகைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். முட்டையைக் கவனிக்க மறந்தார்கள். இன்று அந்தக் கோழி அழகில் குறைவில்லை. ஆனால் பல பண்ணைகளில் அதன் முட்டை சாதாரணப் பழுப்பாக மாறிவிட்டது. இறகில் ஜெயித்து ஓட்டில் தோற்ற கதை. மரான் வளர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் எச்சரிக்கச் சொல்லும் கதையும் இதுவே.

மரானுக்குத் தன் சொந்த அனுபவமும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்த இனம் ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. 1946ல் பிரெஞ்சு விவசாயத் துறை பொறுப்பெடுத்து இனப்பெருக்கம் செய்தது. 1952 வாக்கில் ஒரு பெட்டை ஆண்டுக்குச் சராசரி 200 முட்டை என்ற நிலை வந்தது. பிறகு அந்தத் திட்டம் மூடப்பட்டது. 300க்கு மேல் இடும் கலப்பினக் கோழிகளின் காலம் பிறந்தது. பழுப்பு முட்டை வேண்டுமா, அதையும் அவை மலிவாகத் தந்தன. கருமை மட்டும் வராது. அதைக் கடைக்காரர்கள் கேட்கவும் இல்லை. மரானைக் காப்பாற்றியவர்கள் கொல்லைப்புறத்தில் பத்து இருபது கோழி வைத்திருந்த ஆர்வலர்கள். ஓய்வுபெற்ற ஊழியர்கள், சிறு விவசாயிகள், வார இறுதியில் கூண்டைத் தூக்கிக்கொண்டு கண்காட்சிக்குப் போகிறவர்கள்.

அந்தச் சங்கிலி எவ்வளவு பலவீனமானது என்பது பறவைக் காய்ச்சலின்போது தெரிந்தது. 2021-22 பருவத்தில் பிரான்சில் 2 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. மரானிலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் தொடங்கும் வாந்தே மாவட்டம் 2022ல் கடுமையாக அடிபட்டது. அபாய அளவு உயரும்போது பறவைகளை ஒரே இடத்தில் கூட்டத் தடை. வீட்டுக் கோழியையும் கூரைக்கோ வலைக்கோ உள்ளேதான் வைத்திருக்க வேண்டும். கண்காட்சி நடக்காவிட்டால் கோப்பை போய்விடும் என்பது மட்டுமல்ல விஷயம். புதிய ரத்தத்துக்காகச் சேவல் மாற்றிக்கொள்வதும், இளைஞர் ஒருவர் மூத்தவரின் கூண்டு முன் நின்று கற்றுக்கொள்வதும் அங்கேதான். பத்துப் பெட்டைகளை மட்டும் வைத்திருப்பவர் இரண்டு பருவம் வெளி ரத்தம் இல்லாமல் ஓட்டினால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்க்க நேர்கிறது. 2023 அக்டோபரில் வாத்துகளுக்குத் தடுப்பூசி போடும் திட்டத்தை பிரான்ஸ் தொடங்கிய பிறகு நோய்த் தாக்குதல் வெகுவாகக் குறைந்தது. கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

வெளிநாட்டுப் புகழும் ஒரு கலவையான வரம். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 2011ல் கறுப்புச் செம்பு மரானை அங்கீகரித்தது. அதன்பின் அங்கே மோகம் கூடியது. நீல முட்டையிடும் கோழியோடு மரானைச் சேர்த்தால் மகள்கள் ஆலிவ் பச்சை முட்டையிடுகின்றன. கூடைக்கு வேடிக்கையான நிறங்கள் கிடைக்கும். ஆனால் அந்த மகள்களின் பிள்ளைகள் 'மரான்' என்ற பெயரில் விற்பனைக்கு வரும்போது ஒரு நூற்றாண்டு உழைப்பு கலங்குகிறது.

பெயர் ஓர் ஊருடையது, கோழி எல்லோருடையது என்ற சிக்கல் இந்தியாவுக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, தன் கடக்நாத் கோழியின் கரிய இறைச்சிக்கு 2018ல் புவிசார் குறியீடு பெற்றது. சத்தீஸ்கரின் தந்தேவாடாவும் அதற்கு உரிமை கோரியிருந்தது. கடக்நாத்தின் தோல், சதை, எலும்புவரை கறுப்பு இருந்தாலும் அது இடும் முட்டை வெளிர் பழுப்புதான். 'கறுப்பு முட்டை' என்று ஏமாற்றி விற்பவர்களுக்கு இது தெரியும், வாங்குபவர்களுக்குத் தெரிவதில்லை. நாமக்கல்லின் வெள்ளை முட்டைகளுக்கு நடுவே பழுப்பு முட்டையைக் கண்டால் 'நாட்டுக்கோழி' என்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் நிறைய. தேயிலைச் சாயம் ஏற்றிய முட்டைகள் பிடிபட்டதும் உண்டு. ஓட்டின் நிறத்துக்கும் உள்ளே இருக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை. சத்தைத் தீர்மானிப்பது கோழி தின்னும் தீனி.

மரான் வளர்ப்பாளர்களும் இதை மறுப்பதில்லை. அவர்கள் காப்பது சத்தையல்ல, ஓர் ஊரின் அடையாளத்தை. வசந்தம் தொடங்கும்போது முட்டைகள் மேஜையில் வரிசையாக வைக்கப்படுகின்றன. அருகே வண்ண அட்டை, நோட்டுப் புத்தகம். 5, 6, 7 என்று எண் பெற்றவை இன்குபேட்டருக்குப் போகின்றன. 3 என்று எழுதப்பட்ட முட்டை, அதை இட்டது போன வருஷம் பரிசு வாங்கிய பெட்டையாகவே இருந்தாலும், ஒதுக்கப்படுகிறது. அந்த முட்டை அன்றே சமையலறைக்குப் போய் ஆம்லெட் ஆகிறது. ருசியில் எந்தக் குறையும் இருப்பதில்லை.